கைக்கருவிகள் கடல் தாண்டிய கோபமும், அந்தக் கோபத்தில் செய்கிற தவறுகளும்

அமெரிக்காவில் கொஞ்சம் வயதான மெக்கானிக் யாரிடமாவது கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் பெருமூச்சு வரும், அப்புறம் வசவு வரும். 1927 முதல் சியர்ஸ் கடைகளில் விற்ற கருவிகள் அவை. ஸ்பேனர் உடைந்தால் கடைக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால் போதும், ரசீதுகூடக் கேட்காமல் புதிது கொடுத்துவிடுவார்கள். அப்பா வாங்கிய ராட்செட்டை (கழற்றி மாட்டாமலே முன்னும் பின்னும் ஆட்டி நட்டைத் திருகும் கைப்பிடியை) மகன் கொண்டுபோய் மாற்றிய கதைகள் அங்கே ஏராளம். 2010-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் அந்த ஸ்பேனர்களிலும், நட்டின் மேல் கிண்ணம்போல் மாட்டித் திருகும் சாக்கெட்டுகளிலும் இருந்த அமெரிக்க முத்திரை மெல்ல மெல்லக் காணாமல் போய், சீனாவில் செய்தது என்ற வரி வந்து உட்கார்ந்தது. பெயர் அதே, கடையும் அதே.

2017-இல் அந்தப் பெயரையே சியர்ஸ் ஏறத்தாழ 90 கோடி டாலருக்கு ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் என்ற கருவி நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. உற்பத்தியை மறுபடி அமெரிக்காவுக்குக் கொண்டுவருவோம் என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். 2019-இல் டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் 9 கோடி டாலர் செலவில் ஆலை, 500 பேருக்கு வேலை என்று அறிவிப்பும் வந்தது. ஆனால் தானியங்கி இயந்திரங்கள் நினைத்தபடி ஓடவில்லை என்று செய்திகள் வந்தன. 2023-இல் ஆலையை மூடுவதாக அறிவித்தபோது பாதிக்கப்பட்டவர்கள் 175 பேர்.

எனவே கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர், தேவையில்லாத இடத்தில் பணத்தை விடுகிறார், ஏமாறக் கூடாத இடத்தில் ஏமாறுகிறார். அமெரிக்காவில் வீடு வாங்கி, வார இறுதியில் குழாயும் கதவும் தானே சரிசெய்யக் கற்றுக்கொண்டிருக்கும் நம் ஆட்களுக்கும் இது பொருந்தும்.

பெயரைப் பார்த்து, செய்தவரைப் பார்த்ததாக நினைப்பது

சியர்ஸ் சொந்தமாக இரும்பைக் காய்ச்சி அடித்துக் கிராஃப்ட்ஸ்மேன் ஸ்பேனர் செய்யவில்லை. வேறு ஆலைகளிடம் செய்யச் சொல்லித் தன் பெயரைப் பொறித்துக்கொண்டது. பழைய கருவிகளில் பெயருக்குப் பக்கத்தில் 'வி' மாதிரி ஒரு குறி இருக்கும். அது மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இருந்த மூர் டிராப் ஃபோர்ஜிங் நிறுவனத்தின் அடையாளம். அந்த நிறுவனம் பிறகு ஈஸ்கோ என்ற நிறுவனத்தின் கைக்குப் போய், அங்கிருந்து டனாஹர் என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆக, பொற்காலம் என்று சொல்லப்படும் காலத்திலும் பெயர் ஒருவருடையது, உலை இன்னொருவருடையது. அப்போது வாங்கி விற்றவர் கறாராகத் தரம் கேட்டார், பின்னால் விலையைக் கேட்க ஆரம்பித்தார். ஹோட்டலின் பெயர்ப்பலகை அப்படியே இருக்க, உள்ளே மாஸ்டர் மாறிவிட்ட கதைதான்.

மில்வாக்கி என்ற கருவி நிறுவனத்தின் பெயரைக் கேட்டால், அதே பெயரில் நகரம் உள்ள விஸ்கான்சின் மாநிலத்தவருடையது என்று தோன்றும். 2005 முதல் அதன் உரிமையாளர் ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ். ஆனால் அதே மில்வாக்கி விஸ்கான்சினின் வெஸ்ட் பெண்டில் புதிதாக ஆலை கட்டி, கட்டிங் பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் அங்கேயே செய்கிறது. சிகாகோவின் பெருமையாக இருந்த எஸ்.கே. கருவிகளை 2021-இல் சீனாவின் கிரேட்ஸ்டார் வாங்கிவிட்டது. பென்சில்வேனியாவில் 1886-இல் தொடங்கிய சேனல்லாக், இன்றும் தன் நீலப் பிடி வாட்டர் பம்ப் பிளேயரை அந்த மாநிலத்தின் மீட்வில்லிலேயே செய்கிறது. அதன் ஸ்க்ரூ ஸ்பேனரைத் திருப்பிப் பார்த்தால் ஸ்பெயின் என்று இருக்கும். (அந்த ஸ்பெயின் ஸ்பேனர் நன்றாகவே இருக்கும், அது வேறு விஷயம்.)

அதனால் "இந்த கம்பெனி பொருள் நல்லது" என்று மொத்தமாக முடிவு கட்டாதீர்கள். கையில் இருக்கும் அந்த ஒரு கருவியைத் திருப்பிப் பாருங்கள்.

நாட்டின் பெயரைத் தர முத்திரையாக எடுத்துக்கொள்வது

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஸ்பேனரின் தரம் நாட்டில் இல்லை, எஃகிலும் பதத்திலும் அளவிலும் இருக்கிறது. எஃகை அச்சில் வைத்து அடித்து வடிவம் கொடுத்த பிறகு, சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். பதம் கூடிப்போனால் ஸ்பேனர் கண்ணாடிபோல் நொறுங்கும், குறைந்துபோனால் வாய் அகன்றுவிடும். அப்புறம் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனைகள் மழுங்கி, விரல் முட்டியின் தோல் உரியும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, ஒரே தடவையில் செய்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கருவிகளை எடுத்துச் சோதிப்பதற்குக் காசு செலவாகும். விலையைக் குறைக்கச் சொன்னால் முதலில் விழுவது இந்தச் சோதனைதான். சீனாவில் ஒரே பேட்டையில் உயர்ந்த ரகமும் குப்பையும் பக்கத்துப் பக்கத்து ஆலைகளில் வரும். எது வேண்டும் என்று வாங்குகிறவர் கேட்கிறாரோ அது.

ஒரு காலத்தில் தைவான் பொருள் என்றாலே மட்டம் என்ற பேச்சு இருந்தது. இன்று தைச்சுங் வட்டாரத்தில் செய்யும் ராட்செட்டுகளையும் ஸ்பேனர்களையும் தொழில்முறை மெக்கானிக்குகளே நம்பி வாங்குகிறார்கள். மிச்சிகனின் டெக்டன் நிறுவனம் விற்கும் ஸ்பேனர்களில் பெரும்பகுதி தைவானில் செய்தவை. வேரா என்ற ஜெர்மன் பெயர் தாங்கிய ஸ்க்ரூ டிரைவர்கள் செக் குடியரசில் உருவாகின்றன, அதற்காக யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை. மாறாக, 1864-இல் ரோட் ஐலண்டில் தொடங்கிய நிக்கல்சன் அரங்கள் மெக்சிகோவுக்குப் போன பிறகு பல் சீக்கிரம் தேய்கிறது என்று மரத்தச்சர்களும் ரம்பம் தீட்டுகிறவர்களும் சலித்துக்கொள்கிறார்கள். பத்துப் பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் காது கொடுக்கலாம். ஆனால் அந்தக் குறை அரத்தைப் பற்றியது. அதை வைத்து மெக்சிகோ முழுவதையும் ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

அமெரிக்கர் "வெளிநாட்டுச் சரக்கு" என்று முகம் சுளிக்கும் பட்டியலில் நாமும் இருக்கிறோம். பஞ்சாபின் ஜலந்தரும் லூதியானாவும் பல பத்தாண்டுகளாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஸ்பேனர், பிளேயர், சுத்தியல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலும் வேறு யாரோ ஒருவரின் பெயர் பொறித்துத்தான். நாசிக்கின் தபாரியா, சுவீடனின் பாகோ நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு வளர்ந்தது. நம் ஊர் எலக்ட்ரீஷியனின் பையில் இருக்கும் அந்தக் கட்டிங் பிளேயரை யாரும் "வெறும் இந்தியச் சரக்கு" என்று சொன்னால் நமக்குக் கோபம் வராதா என்ன?

அப்படியானால் எதைப் பார்ப்பது? "குரோம் வனேடியம்" என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எஃகின் வகையைச் சொல்லும், பதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சாக்கெட்டை நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். துளை நடுவில் இல்லாமல் ஒரு பக்கச் சுவர் மெலிந்து இருந்தால் வைத்துவிடுங்கள். ஒரு புது போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் ஸ்பேனரின் வாயில் வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் அதிகமாகத் தெரியக் கூடாது. கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே ஒளிக்கீற்று தெரியக் கூடாது. பிளேயரின் மூட்டு பக்கவாட்டில் அசையக் கூடாது. ராட்செட்டைப் பின்னோக்கிச் சுற்றும்போது லேசாகத் திரும்ப வேண்டும். கடினமாக இருந்தால், குறுகலான இடத்தில் போல்ட்டும் சேர்ந்து பின்னால் சுற்றும். இந்தச் சோதனைகளுக்கு ஐந்து நிமிடம் போதும், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பெட்டியின் மேல் இருக்கும் கொடியை நம்புவது

இறக்குமதியான பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறித்தே ஆக வேண்டும் என்பது 1930-இன் சுங்கவரிச் சட்டப்படி அங்கே விதி. அமெரிக்காவில் செய்தது என்று தடையில்லாமல் எழுதிக்கொள்ள வேண்டுமானால், முழுக்கவோ ஏறக்குறைய முழுக்கவோ அங்கேயே உருவாகியிருக்க வேண்டும் என்கிறது கூட்டாட்சி வர்த்தக ஆணையம். 2021-இல் இதற்குத் தனி விதியே வந்தது, மீறினால் அபராதம். பெரிய பெயர்களும் மாட்டியிருக்கின்றன. 'ஜீரோ டிகிரி' என்ற ராட்செட்டில் அமெரிக்கத் தயாரிப்பு என்று போட்டதற்காக 2006-இல் ஸ்டான்லி 2,05,000 டாலர் கட்டியது.

எனவே விற்பனைத் துறையினர் சுற்றிவளைத்து எழுதுகிறார்கள். இங்கே வடிவமைத்தது, இங்கே பூட்டியது, உலகப் பொருட்களைக் கொண்டு இங்கே செய்தது என்று விதவிதமான வரிகள். கடைசியாகச் சொன்னது பொய்யில்லை, ஆனால் உள்ளே எவ்வளவு வெளியிலிருந்து வந்தது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. கொடியின் படம் மட்டும் பெரிதாக இருந்தால், பெட்டியின் அடியில் பொடி எழுத்தைத் தேடுங்கள்.

"வாழ்நாள் உத்தரவாதம்" என்றதும் பழையதைத் தூக்கிக் கொடுப்பது

சியர்ஸ் 2018 அக்டோபரில் திவால் மனு போட்டது. கிராஃப்ட்ஸ்மேன் உத்தரவாதம் செத்துவிடவில்லை. ஸ்டான்லி அதைத் தொடர்கிறது, லோஸ் போன்ற கடைகளில் மாற்றிக் கொடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நீங்கள் கொடுப்பது அமெரிக்காவில் செய்த பழைய ராட்செட், கைக்கு வருவது இப்போதைய இறக்குமதி. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து புலம்புகிறவர்கள் அதிகம்.

பழைய ராட்செட் பல் தாவினாலோ சிக்கிக்கொண்டாலோ, அது உடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் பல வருடத்து கிரீஸும் தூசியும் பிசினாகி, உள்ளே இருக்கும் குட்டி நாக்கு அசையாமல் நின்றிருக்கும். மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் பல நேரம் உயிர் வந்துவிடும். கெட்டியான கிரீஸைத் திணிக்க வேண்டாம், மறுபடி அதே கதைதான். நாக்கோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால், பல மாடல்களுக்கு உள்பாகங்கள் மட்டும் தனியாகக் கிடைக்கின்றன. இதெல்லாம் செய்து பார்த்த பிறகு மாற்றக் கொடுக்கலாம். முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாற்றாக எது வரும்?

இதோடு சேர்த்து இன்னொன்று. இருநூற்றுச் சொச்சம் உருப்படிகள் என்று பெட்டியில் போட்டிருந்தால், அதில் எத்தனை வெறும் ஸ்க்ரூ டிரைவர் பிட்டும் ஆலன் கீயும் என்று எண்ணிப் பாருங்கள். தினமும் கைக்கு வரும் அளவுகளை மட்டும் நல்லதாகத் தனித்தனியே வாங்குவது பெரும்பாலும் மலிவு.

பழையது எதுவானாலும் பொன் என்று வாங்குவது

நெப்ராஸ்காவில் டிவிட் என்று ஒரு சின்ன ஊர். டென்மார்க்கிலிருந்து வந்த வில்லியம் பீட்டர்சன் என்ற கொல்லர், கடித்தால் விடாத பிளேயர் ஒன்றை அங்கே உருவாக்கினார். 1924-இல் காப்புரிமையும் பெற்றார். அதுதான் வைஸ் கிரிப். 2008-இல் உரிமையாளரான நியூவெல் ரப்பர்மெய்ட் அந்த ஆலையை மூடி உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது. அந்த ஊரே ஏறக்குறைய அந்த ஆலையை நம்பி இருந்தது. அன்று முதல் ஊர் பெயர் பொறித்த பழைய வைஸ் கிரிப்புக்குக் கிராக்கி. மின்னசோட்டாவின் மால்கோ அதே ஊரில் ஈகிள் கிரிப் என்ற பெயரில் மறுபடி செய்து பார்த்தது. இறக்குமதியைவிட விலை கணிசமாகக் கூடுதல். 2022-இல் மால்கோ அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. உள்ளூரில் செய்தால் எவ்வளவு ஆனாலும் வாங்குவேன் என்று பேசுவது எளிது, பில் போடும் இடத்தில் பேச்சு மாறிவிடுகிறது.

பழையதை வாங்கலாம், பல நேரம் நல்ல பேரமும்கூட. ஆனால் ஊர் பெயரைப் படித்ததும் பர்ஸைத் திறக்காதீர்கள். தாடைப் பற்கள் தேய்ந்திருக்கிறதா, ஸ்பேனரின் கழுத்தில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா, பைப் மாட்டி நெம்பி வளைத்திருக்கிறார்களா, சுத்தியலால் அடிவாங்கிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். குரோம் பூச்சு உரிந்து செதில் செதிலாக நிற்கிறது என்றால் கையைக் கிழிக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பழசு, பாசம், ஊர்ப்பெருமை எதுவும் வேண்டாம். அது மின்வேலை. பழைய பிளேயர்களின் கைப்பிடியில் இருக்கும் பிளாஸ்டிக் உறை பெரும்பாலும் பிடிமானத்துக்காகத் தோய்த்தது, மின்சாரத்தைத் தடுக்க அல்ல. மின் இணைப்பு இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டிவந்தால், ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரத்தில் சோதித்து, இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்த கருவிதான் வேண்டும். அமெரிக்க வீட்டின் சாதாரண ப்ளக்கில் 120 வோல்ட், நம் வீட்டில் 230. இந்தக் குறி உள்ள கருவி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, நம்பகமான கடையில் வாங்குங்கள், உறையில் வெட்டோ விரிசலோ விழுந்த அன்றே ஒதுக்கிவிடுங்கள். டேப் சுற்றி ஓட்ட வேண்டாம்.