சுரங்கத்து அமில நீர்: நுண்ணுயிரிகளை நம்பி இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்சில்வேனியாவின் பழைய நிலக்கரி ஊர்களில் ஓடைப் பக்கம் போனால் கல், வேர், நீரில் கிடக்கும் சருகு எல்லாம் காவி பூசியது போல இருக்கும். அங்குள்ளவர்கள் அந்தச் சேற்றை ‘யெல்லோ பாய்’ என்கிறார்கள். அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடைகளும் ஆறுகளும் சுரங்க நீரால் கெட்டிருக்கின்றன. நிலக்கரியை வெட்டிய கம்பெனிகள் பல இன்று இல்லை. நீர் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது.

இந்த நீரை நுண்ணுயிரிகளைக் கொண்டே சுத்தப்படுத்த முடியும். சரியாகச் செய்த இடங்களில் மீன் திரும்பியிருக்கிறது. ஆனால் ‘பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிட்டால் பணமும் போகும், ஓடையும் அப்படியே கிடக்கும்.

பாக்டீரியா என்றாலே நமக்கு உதவ வந்தது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. நிலக்கரியோடு கலந்திருக்கும் பைரைட் என்ற கனிமம் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மண்ணுக்கடியில் இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. வெட்டித் திறந்து காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலம் உண்டாகிறது. இது வெறும் வேதிவினை என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1947இல் கோல்மர், ஹிங்கிள் என்ற இரு ஆய்வாளர்கள் இதில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள். அசிடிதயோபாசில்லஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் போன்றவை நீரில் கரைந்த ஃபெரஸ் இரும்பை ஃபெரிக் இரும்பாக மாற்றி, அதிலிருந்து உயிர்வாழும் சக்தியை எடுக்கின்றன. அந்த ஃபெரிக் இரும்பு திரும்பவும் பைரைட்டைத் தாக்குகிறது. இந்த மாற்றத்தைப் பாக்டீரியா பத்து லட்சம் மடங்கு வரை வேகப்படுத்தும்.

அப்படியானால் இவை எதிரிகளா? சுரங்கத்துக்குள் ஆம். வெளியே வந்த பிறகு இதே வேலைதான் நமக்குத் தேவை. ஃபெரஸ் இரும்பு கரைந்தே கிடக்கும். ஃபெரிக் ஆனால் துருவாகப் படியும். பென்சில்வேனியாவில் போர்ட்டேஜ் ஊருக்கு அருகே ஹியூஸ் போர்ஹோல் என்ற இடத்தில், ஆழ்துளை வழியாகப் பொங்கும் சுரங்க நீர் படிப்படியாக இரும்புத் திட்டுகளைக் கட்டியிருக்கிறது. யாரும் திட்டம் போட்டுக் கட்டியதல்ல. மெல்லிய படலமாக ஓடும் நீரில் காற்று கலக்க, பாக்டீரியாக்கள் இரும்பைப் பிரித்துப் படிய வைக்கின்றன. அதனால் பாக்டீரியாவைக் கொல்வதா வளர்ப்பதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. பைரைட் இருக்கும் இடத்தில் அடக்க வேண்டும், தாண்டி வந்த பிறகு வளர்க்க வேண்டும்.

அடுத்தது, அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

சுரங்க வாயிலில் நீரைப் பாட்டிலில் பிடியுங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்கலாம், பி.எச். 6 என்றுகூடக் காட்டலாம். ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். அதே பாட்டிலைக் காற்றுப் படும்படி மேசையில் வைத்துவிட்டுப் பிறகு வந்து பாருங்கள். நீர் மங்கியிருக்கும், அடியில் ஆரஞ்சுத் தூள் இறங்கியிருக்கும், பி.எச். சரிந்திருக்கும். இரும்பு துருவாகப் படியும்போது அமிலத்தை வெளியே விடுகிறது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃபெரஸ் இரும்பு இருந்தால், அது விடப்போகும் அமிலத்தை முறிக்கச் சுமார் 1.8 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் வேண்டும். 100 மில்லிகிராம் இருந்தால் 180. ஆகவே இரும்பு, அலுமினியம், மாங்கனீஸ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்ட மொத்த அமிலத்தன்மையைத்தான் பார்க்க வேண்டும். பி.எச். அளவைக் கரையிலேயே எடுத்துவிட வேண்டும். உலோகம் அளக்க வேண்டிய நீரை அங்கேயே வடிகட்டி, அமிலம் சேர்த்துத் தனிப் பாட்டிலில் அடைக்க வேண்டும். ஊருக்கு எடுத்துப் போய் நாளைக்கு அளந்தால், அது ஓடையின் அளவாக இருக்காது, பாட்டிலின் அளவாகத்தான் இருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹியூஸ் போர்ஹோலில் நீர் திட்டுகளில் ஓட ஓட இரும்பு குறைகிறது, பி.எச்.ஸும் குறைகிறது. எண்ணை மட்டும் பார்த்தவர் நீர் மோசமாகிறது என்பார். உண்மையில் பாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது.

சரி, அமிலம்தானே, சுண்ணாம்புக்கல்லைக் கொட்டினால் போதாதா? கொட்டிப் பார்த்த இடங்களில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துக் கத்தியால் சுரண்டினால் விடை தெரியும். மேலே செந்நிற ஓடு, உள்ளே கல் வெளுப்பாக, கரையாமல் அப்படியே. காற்றும் இரும்பும் சேர்ந்த நீர் கல்லுக்குக் கவசம் கட்டிவிடுகிறது. நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் அருகருகே கிடைக்கும் மேகாலயாவின் ஜைந்தியா மலைகள் போன்ற இடங்களில் இந்த ஆசை எளிதாக வரும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். கல்லைக் காற்றுப் புகாமல் மண்ணுக்கடியில் புதைத்து, அதன் வழியே நீரை விட்டால் இரும்பு ஃபெரஸாகவே இருக்கும், ஓடு கட்டாது. நீர் ஏறக்குறைய 15 மணி நேரமாவது உள்ளே தங்க வேண்டும். ஆனால் அலுமினியம் அதிகமுள்ள நீரை இதற்குள் விட்டால் வெள்ளைக் கூழாகப் படிந்து பாதையை அடைத்துவிடும். நீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே தவறு.

அப்புறம் வாங்கி ஊற்றும் பாக்டீரியா. பால் கெட்டுப் போயிருந்தால் எவ்வளவு நல்ல உறை மோர் ஊற்றினாலும் தயிர் தோயாது. இங்கேயும் அதேதான். சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் சாணத்திலும் குளத்துச் சேற்றிலும் தாராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது உண்பதற்குக் கரிமப்பொருள், காற்று இல்லாத இடம், 5க்கு மேலான பி.எச். இவை அமைந்தால் சல்பேட் குறையும், காரத்தன்மை கூடும், துத்தநாகம், செம்பு, காட்மியம் சல்பைடாகப் பிடிபடும். இவற்றுக்காகக் கரிமப்பொருளை நிரப்பி நீரை விடும் படுக்கைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தால் மை போலக் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் லேசாக அடிக்கும். முகம் சுளிக்க வேண்டாம், வேலை நடக்கிறது என்று பொருள்.

அந்தப் படுக்கையைப் போடுவதில் அவசரம் கூடாது. வெறும் சாணம் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும், இறுகியும் போகும். வெறும் மரச்சீவல் என்றால் மெதுவாகத்தான் மட்கும். வைக்கோல், சாணம், மரச்சீவல், சுண்ணாம்புக்கல் துண்டுகள் என்று கலப்பது அதனால்தான். நீர் பரவலாக இறங்க இடைவெளி வேண்டும். பொடிப்பொடியாக இருந்தால் நீர் ஒரே பக்கமாக வழி கண்டுபிடித்து ஓடிவிடும். நிரப்பியவுடன் முழு ஓட்டத்தையும் திறந்துவிடாமல், முதலில் நீரைத் தேக்கிப் பாக்டீரியா பெருக அவகாசம் கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் அவற்றின் வேகம் குறையும் என்பதையும் அளவு போடும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செடிக்குப் பெருமை கொடுத்து ஏமாந்த கதையும் உண்டு. 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா பகுதிகளில், ஸ்ஃபாக்னம் என்ற பஞ்சுப் பாசி படர்ந்த சதுப்பு நிலங்களைக் கடந்து வரும் சுரங்க நீர் தெளிந்து வருவதைக் கவனித்தார்கள். பாசிதான் காரணம் என்று அதைப் பெயர்த்து நட்ட இடங்களில் பெரும்பாலும் பட்டுப்போனது. பிறகு சம்பு நட்டார்கள். செடிகள் நீரை நிதானப்படுத்துகின்றன, மட்கி உணவாகின்றன. உலோகத்தைப் பிரிக்கும் வேலையில் பெரும்பங்கு வேருக்கடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாதவற்றுடையது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, ‘இயற்கை முறை’ என்றதும் செலவில்லை, பராமரிப்பில்லை என்று கணக்குப் போடுவதுதான். கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுன்டனில் உள்ள ரிச்மண்ட் சுரங்கத்தில் பி.எச். மைனஸ் 3.6 வரை அளந்திருக்கிறார்கள். உள்ளே மிச்சமிருக்கும் பைரைட் தீர 3,000 ஆண்டுகள் ஆகலாம் என்பது மதிப்பீடு. நாம் போடும் வைக்கோலுக்கும் சாணத்துக்கும் ஆயுள் சில ஆண்டுகள், மிஞ்சிப்போனால் இருபது. ஆகவே இரும்பு படியவிடும் குளத்தில் சேரும் சேற்றை அள்ளவும், படுக்கையை மாற்றவும் ஆளும் பணமும் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.

அள்ளிய சேற்றை எங்கே போடுவது என்பதற்கு ஒஹையோ பல்கலைக்கழகத்தின் பொறியாளர் கை ரீஃப்லரும் ஓவியர் ஜான் சாப்ராவும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ட்ரூடவுன் என்ற இடத்தில் சன்டே கிரீக் ஓடையில் கலக்கும் சுரங்க நீரிலிருந்து இரும்பைப் பிரித்து, கழுவி, காயவைத்து, வெவ்வேறு சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். மஞ்சளில் தொடங்கி, சூடு ஏற ஏறச் சிவப்பாகி, ஊதா வரை போகிறது. அது எண்ணெய் வண்ணமாகக் குழாயில் அடைத்து விற்பனைக்கும் வந்திருக்கிறது.