உளப்பகுப்பாய்வு கேஸ் கூட்டத்தில் எல்லோரும் வாய் திறக்க

உளப்பகுப்பாய்வு, அதாவது பேச்சு வழியே மனதை ஆராயும் சிகிச்சை, பயிலும் எட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு கேஸை, அதாவது ஒரு நோயாளியின் சிகிச்சையைப் பேசுகிறார்கள், மூத்தவர் ஒன்றைச் சொன்னதும் மற்றவர்கள் அதையே வேறு வார்த்தைகளில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள் என்றால் அந்தக் கூட்டத்தால் யாருக்கும் பயனில்லை. பயிற்சியை முடிக்க மூத்தவரின் ஒப்புதல் வேண்டும், பிறகு எப்படி எதிர்த்துப் பேசுவார்கள்? "தயங்காமல் பேசுங்க" என்று சொன்னால் மட்டும் அந்தப் பயம் போகாது. கூட்டம் நடத்தும் விதத்தை மாற்ற வேண்டும்.

முதலில் வரிசை. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில். இதில் விதிவிலக்கே வேண்டாம்.

கேஸைச் சொல்பவர் நோட்டை மூடிவிட்டுச் சொல்லட்டும். 1950களில் லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநல கிளினிக்கில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலின்ட் பொது மருத்துவர்களோடு நடத்திய குழுக்களில் இப்படித்தான், குறிப்பைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். எதை மறக்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்பதிலேயே அந்த நோயாளியோடு அவருக்குள்ள உறவு தெரிந்துவிடும். சொல்லி முடித்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு 20 நிமிடம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும்.

அந்த 20 நிமிடமும் கோட்பாட்டுச் சொற்கள் வேண்டாம். 'ஈடிபஸ் சிக்கல்' (பெற்றோர் மீது குழந்தைக்கு எழும் ஆசையும் போட்டியும்) என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கேட்கும்போது எரிச்சல் வந்ததா, தூக்கம் வந்ததா, சம்பந்தமே இல்லாத பழைய ஞாபகம் ஏதாவது வந்ததா, அதைச் சொல்லுங்கள். புதிய யோசனை பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

யாருக்கும் ஒத்துவராத கருத்தை ஒருவர் சொன்னால் அதை எழுதிவைத்து மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் ஃப்ராய்டின் நெருங்கிய சகாவான உளப்பகுப்பாய்வாளர் ஃபெரென்சி. குழந்தைகள் மீது பெரியவர்கள் செய்யும் பாலியல் கொடுமை நிஜமாகவே நடக்கிறது, அதைக் கற்பனை என்று ஒதுக்கக் கூடாது என்று 1932இல் ஜெர்மனியின் விஸ்பாடனில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் கட்டுரை வாசித்தார். வெளியிட வேண்டாம் என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டே கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஃபெரென்சி இறந்துவிட்டார், அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் வர 1949 ஆனது. அத்தனை வருடம், தனக்கு நடந்ததைச் சொல்ல வந்தவர்களை நம்பாமல் அனுப்பிய சிகிச்சை அறைகள் எத்தனை இருந்திருக்கும்!

அப்புறம், நோயாளியின் பெயர், ஊர், வேலை எதுவும் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்லுங்கள். கூட்டத்தில் பேசியது பயிற்சி மதிப்பீட்டுக்குள் போகவே கூடாது, போனால் அது துரோகம், அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்குக் கேஸ் கொண்டுவருவது மூத்தவராகவே இருக்கட்டும், அதுவும் சிகிச்சையைப் பாதியில் விட்டுப்போன ஒருவருடைய கேஸாக.