போட்டோக்களைப் பத்திரப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிடியில் எழுதி பீரோவில் பூட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. மற்றவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

வீட்டில் எழுதும் சிடியில் படத்தைத் தாங்குவது மெல்லிய சாயப்பூச்சு. வெயிலும் சூடும் பட்டால் அது மங்கும். பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கீறல் படாமல் பொத்திப் பொத்தி வைக்கிறோம். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. பெயர் எழுதும் மேல்பக்கத்திலோ சாயத்துக்கும் உலோகப் படலத்துக்கும் மேலே வெறும் வார்னிஷ்தான். அதில் போய் பால்பாயிண்ட் பேனாவை அழுத்துகிறோம், ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். தயவுசெய்து வேண்டாம். எழுதியே ஆகவேண்டுமென்றால் நடுவிலுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் எழுதுங்கள்.

பென்டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத கணினிச் சேமிப்பகம்) மூன்றும் மின்னூட்டமாகவே தகவலை வைத்திருப்பவை. சும்மா கிடந்தால் அது சிறுகச் சிறுகக் கசியும், சூட்டில் இன்னும் வேகமாக. எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த சாதாரணக் கணினி எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் 1 ஆண்டு தாங்கினால் போதும் என்பதே சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தர அளவு. தலைமுறைக்கும் வேண்டிய படங்களை அதை மட்டும் நம்பி விடலாமா?

அடுத்தது, சரிபார்க்கும்போது குட்டிப் படங்களைப் பார்த்துத் திருப்தி அடைவது. கேமரா, கோப்பின் தொடக்கத்திலேயே ஒரு சின்னப் பிரதியைச் சேர்த்துவிடுகிறது. மீதிக் கோப்பு கெட்டாலும் அது அழகாகத் தெரியும். எங்கள் குடும்பப் படம் ஒன்றைப் பெரிதாகத் திறந்தபோது பின்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டி இருந்த இடம் முழுக்கச் சாம்பல் நிறம். வேறு பிரதியும் இல்லை.

ஆகவே படங்களைச் சேர்க்கும் அன்றே, ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ-256 எண்களை மென்பொருளால் கணக்கிட்டு வையுங்கள். பின்னால் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள்; ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் வேறாகிவிடும். இல்லாவிட்டால் கெட்ட கோப்பை நல்ல பிரதியின் மேலேயே நகலெடுத்து, இரண்டையும் இழப்போம்.

கிளவுடில் தானாக ஒத்திசைவதைத் தனிப் பிரதியாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

கோப்பு வடிவமும் முக்கியம். 1992-இல் கோடாக் கொண்டுவந்த போட்டோ சிடியின் வடிவத்தை இன்று பெரும்பாலான மென்பொருள்கள் திறப்பதில்லை. சென்சார் பதிவை அப்படியே வைத்திருக்கும், கேமரா நிறுவனத்தின் ரா கோப்பை மட்டும் வைக்காமல், கூடவே டிஃப் அல்லது ஜேபெக் பிரதியும் இருக்கட்டும்.

ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை ஹார்ட் டிஸ்க்கைச் சொருக இன்றைய கணினிகளில் இடமே கிடையாது. அதைப் படிக்கும் கடைசிக் கணினியை எடைக்குப் போடுவதற்கு முன்பே படங்களைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றிவிடுங்கள்.