கதைவழி மொழி கற்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஆங்கிலம் கற்பிக்கும் நான், தாகூர் 1892-இல் வங்காளத்தில் எழுதிய ‘காபூலிவாலா’ சிறுகதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை வகுப்பில் வாசிக்கச் சொல்வதுண்டு. மருத்துவத்துக்காக வந்து தங்கும் வங்காளிகளை அன்றாடம் பார்த்தும் அவர்களோடு பேசியறியாத மாணவர்க்கு அக்கதை ஒரு வாசலைத் திறக்கும். ஆயினும் ஆசிரியரின் கவனக்குறைவால் அவ்வாசல் மூடிக்கொள்வதும் உண்டு.

கதையை ஓர் இனத்தைப் பற்றிய தகவல் நூலாகக் கொள்வது முதல் தவறு. காபூலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து வணிகம் செய்யும் ரகமத், கடனை மறுத்தவனைக் கத்தியால் குத்தியதும், “ஆப்கானியர் முன்கோபிகள்” என்று ஒரு மாணவர் எழுதுவார். ரகமத்தோடு நட்பாகும் சிறுமி மினியின் தந்தையான கல்கத்தா எழுத்தாளரே கதையைச் சொல்கிறார் என்பதையும், ரகமத்தை அவர் கண்வழியாக மட்டுமே நாம் காண்கிறோம் என்பதையும் அவ்விடத்திலேயே நினைவூட்ட வேண்டும். அப்பகுதியை ரகமத்தே சொல்வதாக மாற்றி எழுதச் செய்தால் இன்னும் நன்று.

ஒற்றுமையைக் கண்டதும் நின்றுவிடுவது இதைவிட நுட்பமான தவறு. மாமனார் வீட்டைப் பற்றி ரகமத்தும் மினியும் விளையாட்டாகப் பேசுமிடத்தில், அச்சொல்லுக்குச் சிறை என்ற பொருளும் உண்டென்று அறிந்ததும், மத்திய சிறை உள்ள ஊரில் வளர்ந்த எங்கள் மாணவர், “நம் மாமியார் வீடு!” என்று சிரித்துவிடுவர். அந்தச் சிரிப்பு நல்ல தொடக்கம்தான். ஆனால் வங்கச் சிறுமியர் அச்சொல்லைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்தனர் என்றும், தாங்கள் சற்றுப் புதுமை விரும்பிகள் என்பதால் மினிக்கு அதைச் சொல்லித் தரவில்லை என்றும் தந்தை கூறுகிறார். பெண்ணின் உடலுறவுக்கான சம்மத வயதை 10-இலிருந்து 12-ஆக உயர்த்திய சட்டம் 1891-இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால், அவ்விளையாட்டுப் பேச்சின் பின்னே குழந்தைத் திருமணம் நிற்பதை மாணவரே கண்டுகொள்வர்.

ரகமத் இசுலாமியர் என்பதற்காக, வாணியம்பாடியிலிருந்து வரும் உருது பேசும் மாணவியிடம் “உங்கள் வீட்டில் எப்படி?” என்று கேட்பதை நான் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்வேன். அவள் இந்த மண்ணின் பெண். காபூலுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவள் அல்லள்.

மகளின் சின்னஞ்சிறு கையில் கரி தடவி எடுத்த அச்சை ரகமத் காட்டும்போது, “தந்தையர் எல்லாரும் ஒன்றே” என்று பாடத்தை முடிக்க மனம் விரையும். கதைசொல்லியும் அதையே உணர்கிறார். எனினும், ஒருவர் தம் வீட்டில் மகளின் திருமணத்தை நடத்த, மற்றவர் தம் மகளை ஆண்டுக்கணக்கில் காணாதிருப்பது ஏன் என்று மாணவர் கேட்கும்வரை அப்பக்கத்தை மூடாமல் காத்திருக்க வேண்டும்.