வெளிய காங்க்ரீட் இறங்கியிருக்கா? ஃபோம் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வெளிநாட்டுக்குப் புதுசா வந்து புறநகர்ல பழைய வீடா பாத்து வாங்குறவங்க கிச்சன், ரூம், ஹீட்டிங் எல்லாம் நல்லா பாப்பாங்க, வெளிய தரையை யாரும் பாக்கறதில்ல. சாவி கையில வந்த முதல் வாரமே வீட்டை ஒரு சுத்து சுத்தி வாங்க. வாசப்படியை ஒட்டின நடைபாதை, டிரைவ்வே கேரேஜோட சேர்ற இடம், பின்னாடி உக்கார்ற தளமான பேட்டியோ, பெரும்பாலும் இந்த மூணு இடத்துலதான் ஸ்லாப், அதாவது தரையில போட்ட காங்க்ரீட் பலகை, இறங்கியிருக்கும். அரை இன்ச் இறங்கினாலே கால் தடுக்கும், அப்பா அம்மா வந்து தங்கியிருக்கிற வீடுன்னா இருட்டுல அந்த விளிம்பு ரொம்ப ஆபத்து. இறங்கின ஸ்லாப்புக்கு அடியில ஃபோம் செலுத்தி அதைத் தூக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நிறைய இருக்கு.

ஆனா தடுக்கி விழறதைவிட தண்ணியைப் பத்திதான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றேன். ஸ்லாப் வீட்டுப்பக்கம் சாஞ்சிருந்தா மழைத்தண்ணி மொத்தமும் அஸ்திவாரத்தை நோக்கித்தான் ஓடும், அப்புறம் பேஸ்மென்ட்ல ஈரம், பூஞ்சை வாடைன்னு ஆரம்பிச்சு பெரிய செலவுல கொண்டுபோய் விடும். ஒரு பக்கெட் தண்ணியை சுவர் ஓரமா ஊத்திட்டு நின்னு பாருங்க, வெளிய ஓடுதா, இல்ல சுவரை ஒட்டித் தேங்கி அந்த இடுக்குல இறங்குதான்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும். ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது வெளிப்பக்கம் சரிவு இருக்கணும்.

ஏன் இறங்குதுன்னா, வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்கு வேண்டியதைவிட அகலமா குழி வெட்டுவாங்க, சுவர் எழும்பினதும் சுத்தி மண்ணைத் தள்ளி மூடுவாங்க, அந்த மண்ணை திமிசு போட்டு இறுக்காம விட்டிருந்தா வருஷக்கணக்குல அது தானா அமுங்கிக்கிட்டே போகும், மேல இருக்கிற காங்க்ரீட் மட்டும் கொஞ்ச நாள் அந்தரத்துல நிக்கும், அப்புறம் அதுவும் இறங்கும். சுத்தியல் கைப்பிடியால ஸ்லாப்பை அங்கங்க தட்டிப் பாருங்க, அடியில மண் இருக்கிற இடத்துல 'டக்'னு கேக்கும், வெற்றிடமா இருந்தா 'டொம்'னு ஒரு மாதிரி கேக்கும். களிமண் பூமியா இருந்தா வெயிலுக்கு சுருங்கி மழைக்கு உப்பி அதுவே ஸ்லாப்பை ஆட்டும்.

இதுக்கெல்லாம் மேல கூரைத் தண்ணி. 100 சதுர மீட்டர் கூரையில 25 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 2500 லிட்டர் தண்ணி. அது அத்தனையும் ரெண்டு மூணு பைப் வழியா இறங்கி ஸ்லாப் ஓரமா கொட்டினா அடியில மண் எப்படி நிக்கும்? அதனால ஃபோம்காரங்களைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி கட்டரை, அதாவது கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடுற வாய்க்காலை, சுத்தம் பண்ணுங்க, இறங்கு குழாயோட வாயில நீட்டு பைப் மாட்டி ரெண்டு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுங்க. பழைய வீடுன்னா மண்ணுக்கடியில போற டிரெயின் பைப் உடைஞ்சிருக்கலாம், சந்தேகம் இருந்தா கேமரா விட்டுப் பாக்கச் சொல்லுங்க. தண்ணிக்கு வழி பண்ணாம ஃபோம் போட்டா அது மேல மட்டும் சரியாகும், ஃபோமுக்குக் கீழ இருக்கிற மண் மறுபடி கரையும்.

சரி, ஃபோம்னா என்ன? பாலியூரித்தேன். ரெண்டு ரசாயனத்தை சூடாக்கி தனித்தனி ஹோஸ்ல கொண்டுவந்து துப்பாக்கி மாதிரி இருக்கிற கருவியோட முனையில கலந்து ஸ்லாப்புல போட்ட துளை வழியா உள்ள செலுத்துவாங்க. துளை சுண்டுவிரல் அகலம்தான், 16 மில்லிமீட்டர் போல. உள்ள போன சில நொடியிலயே அது உப்பி வெற்றிடத்தை நிரப்பி ஸ்லாப்பை மெதுவா தூக்கும். நல்ல ஆளுங்க ஒரே இடத்துல மொத்தமா அடிக்க மாட்டாங்க, கொஞ்சம் விட்டு, லெவல் பாத்து, அடுத்த துளைக்குப் போய், மறுபடி வந்துன்னு பொறுமையா போவாங்க, ஏன்னா அதிகமா தூக்கிட்டா திரும்ப இறக்க முடியாது, ஒரே இடத்துல ரொம்ப போட்டா உள்ள சூடும் ஏறும். கால் மணி நேரத்துல பெரும்பாலும் இறுகிடும், அன்னைக்கே காரை ஏத்தலாம். பழைய முறையில சிமென்ட் சேறு அடிப்பாங்க, அது ஒரு கன அடிக்கு 100 பவுண்டுக்கு மேல கனம், ஃபோம் 2லேர்ந்து 4 பவுண்டுதான், ஏற்கனவே அமுங்கின மண்ணுமேல பாரம் அதிகம் ஏறாதுங்கிறதுதான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயம். சேறு விலை குறைவா வரும், அதையும் கேட்டுப் பாக்கறதுல தப்பில்ல. அடிக்கிற நேரத்துல வர்ற ஆவி மூச்சுக்கு ஆகாது, ஆஸ்துமா இருக்கிறவங்களையும் குழந்தைங்களையும் தள்ளி இருக்கச் சொல்லுங்க.

எல்லாத்துக்கும் ஃபோம் மருந்து இல்ல. ஸ்லாப் நாலஞ்சு துண்டா உடைஞ்சிருந்தா, மேல்பரப்பு பொடிஞ்சு உதிர்ந்தா, பேத்துட்டு புதுசா போடுறதுதான் சரி. வெடிப்பு இருந்தா தூக்கினப்புறமும் அது அப்படியேதான் இருக்கும், சில சமயம் இன்னும் கொஞ்சம் விரியும். செங்கல் சுவர்ல படிக்கட்டு மாதிரி வெடிப்பு ஏறுது, உள்ள கதவு மூட மாட்டேங்குதுன்னா அது வாசல் ஸ்லாப் பிரச்சினை மட்டும் இல்லாம வீடே அசையுறதா இருக்கலாம், முதல்ல ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிடுங்க.

கதவைத் தட்டி "இன்னைக்கே சொன்னா டிஸ்கவுன்ட்"னு சொல்றவங்ககிட்ட கையெழுத்துப் போடாதீங்க. மூணு பேர்கிட்ட எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க, இன்சூரன்ஸ் பேப்பர் கேளுங்க, எத்தனை துளை, எவ்வளவு தூக்குவீங்க, சரிவு எந்தப் பக்கம் வரும்னு கேளுங்க. வாரண்டின்னு சொன்னா மறுபடி இறங்கினா இலவசமா தூக்குவாங்களா, தண்ணி அரிச்சதுன்னு கழண்டுக்குவாங்களான்னு படிச்சுப் பாருங்க. துளை போடுறதுக்கு முன்னாடி கேஸ், கரண்ட், கேபிள் லைன் எங்க போகுதுன்னு மார்க் பண்ணியாகணும், அஸ்திவாரச் சுவர்ல வெடிப்பு இருந்தா அதை முதல்ல காட்டிடுங்க, ஃபோம் அது வழியா பேஸ்மென்ட்டுக்குள்ள வந்துடலாம். தெருவோர நடைபாதை உங்களோடதா உள்ளாட்சியோடதான்னு விசாரிக்காம காசு போட வேண்டாம். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் இந்த மாதிரி மண் அமுங்குறதுக்குப் பொதுவா காசு தராது. வாடகை வீடுன்னா அளவு டேப்பை விளிம்புல வெச்சு போட்டோ எடுத்து, தேதியோட ஓனருக்கு எழுத்துல அனுப்புங்க, செலவு பொதுவா அவங்க பாத்துக்க வேண்டியது.

வேலை முடிஞ்சதும் துளையை மூடிட்டாங்கன்னு விட்டுடாதீங்க, ஸ்லாப்புக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியை சீலன்ட் போட்டு அடைக்கணும், பல கொட்டேஷன்ல அது தனி கணக்கு, முன்கூட்டியே அதையும் சேர்க்கச் சொல்லுங்க.