மழை முன்கணிப்பை வடசென்னையிலிருந்து படிக்கும் முறை

கைபேசியில் ‘சென்னை, 80 மி.மீ.’ என்று வரும் எண்ணை நம்புவதற்கு முன், அது எவ்வளவு பெரிய கட்டத்துக்கான சராசரி என்று பாருங்கள். மீத்திறன் கணினி வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைச் சிறு நேர இடைவெளிகளில் கணக்கிடுகிறது. 12 கி.மீ. கட்டத்தில் காசிமேடும் திருவொற்றியூரும் ஒன்றாகவே அடங்கிவிடக்கூடும்; 2025 மே மாதம் அறிமுகமான பாரத் முன்கணிப்பு அமைப்பின் 6 கி.மீ. கட்டத்தில் அவை பிரிய வாய்ப்புண்டு. பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும், நேர இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆகவே வேலை எட்டு மடங்கு. புணேயில் 11.77 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டாஃப்ளாப் என்றால் நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள அர்கா என்ற மீத்திறன் கணினி 2024இல் வந்தது இத்தகைய தேவைக்காகத்தான்.

அடுத்து, ஒற்றை எண்ணை விட்டுப் பரவலைப் பாருங்கள். தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி, ஒரே கணினி மாதிரியை 21 முறை ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு கோடாக வரைந்து பார்க்கும் வழக்கம் இங்கு உண்டு. 21 கோடுகளும் இரண்டு நாள் வரை ஒட்டியிருந்து பின் விரிந்தால், அந்த இரண்டு நாளை மட்டும் நம்புங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தது போன்ற நேரங்களில், வேகத்தில் வரும் சிறு பிழையும் மழையளவைப் பெரிதாக மாற்றிவிடும்.

பிறகு உங்கள் சொந்தத் திருத்தம். நேர்ச்சுவரும் தட்டையான அடியும் கொண்ட எவர்சில்வர் டப்பாவை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மறைவுக்கு அப்பால் வையுங்கள். தேங்கிய நீரின் ஆழமே மி.மீ. கணக்கு, வாய் அகலம் எவ்வளவாயினும். காலை 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள், ஏனெனில் வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் அந்த நேரத்தில்தான் மாறுகிறது. முதல் மாதம் நான் நள்ளிரவில் அளந்துவிட்டு, கணிப்பு பொய்த்தது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதும் குறித்தால், உங்கள் கட்டத்தில் கணிப்பு வழக்கமாகக் கூடுகிறதா குறைகிறதா என்பது ஓரளவு புலப்படும்.

எண்ணூர், மணலிக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: கொசஸ்தலையாற்று நீர் பூண்டிப் பக்கமிருந்து வருவதால், வீட்டுக்கு மேல் வானம் வெளுத்திருக்கும் நாளிலும் திருவள்ளூர்க் கட்டத்தின் மழையளவைத் திறந்து பாருங்கள்.