அமாலியா ரொட்ரிகஸின் ஃபாடோவை ஆண்டு வரிசையில் கேட்பது எப்படி

போர்த்துகலின் ஃபாடோ இசைக்குள் நுழைபவர்களில் பெரும்பாலோர் பாடகி அமாலியா ரொட்ரிகஸின் ஏதாவது ஒரு தொகுப்பின் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். 1945-இல் பதிவான பாட்டும் 1983-இல் பதிவான பாட்டும் ஆண்டுக் குறிப்பே இல்லாமல் அடுத்தடுத்து ஒலித்த அந்தத் தொகுப்பில், ஒரே பெண்ணின் குரல் ஒரு பாட்டில் பளிச்சென்றும் மறு பாட்டில் கனத்துத் தாழ்ந்தும் கேட்பது ஏன் என்று புரியாமல், பல மாதங்கள் அதை வெறும் சோக இசையாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். ஆண்டு வாரியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய வாழ்க்கையும் ஃபாடோவின் நாற்பது ஆண்டு மாற்றமும் ஒரே நூலில் கோத்திருப்பது தெரிந்தது. அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தம் சிறிதுதான். ஒவ்வொரு பாட்டுக்கும் அது பதிவான ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்; மறுவெளியீட்டுத் தட்டுகளில் அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டு வெளியீட்டுக்கு உரியது, பாடியதற்கு உரியது அன்று. பாடல் வரிகளைப் போர்த்துகீசிய மொழியிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் தெரியாவிட்டாலும் அடி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் ஃபாடோ பாடகரின் திறமையெல்லாம் அடியின் முடிவை எப்படி நீட்டுகிறார், எங்கே மூச்சை நிறுத்தி இசைக்கலைஞர்களைக் காக்க வைக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. சொற்களின் இறுதியில் வரும் ஓகாரம் லிஸ்பன் பேச்சில் உகரமாகக் குறுகும். ஃபாடோ என்று நாம் எழுதுவது அங்கே ஏறக்குறைய ‘ஃபாது’ என்றே காதில் விழும்.

வாத்தியங்களைப் பிரித்துக் கேட்கப் பழகுவது அடுத்த வேலை. உலோகத் தந்திகளின் கூர்மையான, நடுங்கும் ஒலி போர்த்துகீசிய கிதாருடையது. அதில் இரண்டிரண்டாக ஆறு இணைகள், மொத்தம் 12 தந்திகள். ஃபாடோக்காரர்கள் ‘வியோலா’ என்று அழைப்பது நாம் அறிந்த ஆறு தந்திக் கிதார்; தாளத்தையும் அடிச்சுரத்தையும் தாங்குவது அது. முதல் முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு, அடிக்கும் அடிக்கும் இடையிலுள்ள இடைவெளியில் போர்த்துகீசிய கிதார் என்ன பதில் சொல்கிறது என்று மட்டும் கவனியுங்கள். குரல் கேள்வி கேட்கிறது, கிதார் மறுமொழி சொல்கிறது என்பது ஒருமுறை காதில் ஏறிவிட்டால் பிறகு மறக்காது.

அமாலியா 1920-ஆம் ஆண்டு ஜூலையில் லிஸ்பனில் பிறந்தார். பதிவேட்டில் 23-ஆம் தேதி என்று இருந்தாலும், செர்ரிப் பழக் காலத்தில் பிறந்தவள் என்று வீட்டார் சொன்னதை வைத்து அவர் முதல் தேதியையே தம் பிறந்த நாளாகக் கொண்டாடினார். பெற்றோர் பெய்ரா பைஷா பகுதியைச் சேர்ந்தவர்கள். அவரை வளர்த்தவர்கள் லிஸ்பனில் இருந்த தாய்வழித் தாத்தாவும் பாட்டியும். பூத்தையல் வேலை செய்தார், அல்காந்தரா துறைமுகப் பகுதியில் பழம் விற்றார். 1939-இல் ‘ரெத்திரோ த செவேரா’ என்ற ஃபாடோ இல்லத்தில் தொழில்முறைப் பாடகியாக அரங்கேறினார். அந்த இல்லத்தின் பெயரிலுள்ள செவேரா, 1820 முதல் 1846 வரை வாழ்ந்து மொராரியா குடியிருப்பில் பாடிய மரியா செவேரா. ஃபாடோவின் முதல் பெரும் பெயர் அவருடையதுதான். ஃபாடோ பாடும் பெண்கள் கறுப்புச் சால்வை போர்த்துவதை இன்றும் அவருடைய நினைவோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

இனி முதல் பாட்டுக்கு வரலாம். அமாலியாவின் முதல் இசைத்தட்டுகள் லிஸ்பனில் பதிவானவை அல்ல; 1944-இல் பிரேசிலுக்குப் போய்ப் பெரும் வரவேற்பைப் பெற்ற அவர், 1945-இல் ரியோ டி ஜெனிரோவில்தான் முதன்முதலாகப் பதிவு செய்தார். அவற்றுள் ஃப்ரெடெரிக்கோ வலேரியோ இசையமைத்த ‘ஐ மொராரியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவி திரும்பத் திரும்ப வரும் இந்த வகைக்கு ஃபாடோ-கன்சாவ், அதாவது பாட்டு வடிவ ஃபாடோ என்று பெயர். 25 வயதுக் குரலின் மினுமினுப்பை இதில் குறித்துக்கொண்டால் போதும், இங்கே அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை.

அடுத்து 1955-க்குத் தாவுங்கள். பிரெஞ்சு இயக்குநர் ஆன்ரி வெர்னோய் லிஸ்பனைக் களமாகக் கொண்டு எடுத்த படத்தில் அமாலியா பாடிய ‘பார்கோ நெக்ரோ’, அதாவது ‘கறுப்புப் படகு’, அவரை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்திய பாட்டு. மெட்டு பிரேசிலிலிருந்து வந்தது. கவிஞர் தாவித் மொராவ் ஃபெரெய்ரா அதற்குப் புதிய வரிகள் எழுதினார். கடற்கரையில் கண்விழிக்கும் ஒரு பெண், படகில் போன காதலன் திரும்பமாட்டான் என்று கரையிலுள்ள கிழவிகள் சொல்வதைக் கேட்டு, அவர்களைப் பைத்தியங்கள் என்கிறாள். அந்த ஒற்றைச் சொல்லை அமாலியா இருமுறை சொல்லும் இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேளுங்கள்: முதல்முறை மறுப்பாக வருவது, இரண்டாம்முறை அவளே தன்னைத் தேற்றிக்கொள்வதுபோல வந்து விழுகிறது. இதைத் தொடர்ந்து 1956-இல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடினார். மொழி தெரியாத அவைக்கு முன் பாடிய அந்தப் பதிவில், பாட்டு முடிந்து கைத்தட்டல் எழும்வரை அவை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இப்போது இந்த வரிசையின் நடுப்பகுதிக்கு வந்திருக்கிறோம். இங்கே அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் முழுவதும் ஒரே மெட்டோடு இருக்கலாம். பழைய ஃபாடோவில் மெட்டுக்குத் தனிப் பெயர் உண்டு, வரிகள் மாறிக்கொண்டே இருக்கும். நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் மெட்டு’ என்று அச்சிட்டிருப்பார்களே, ஏறக்குறைய அந்த வழக்கம்தான். அல்ஃப்ரெதோ மர்செனெய்ரோ என்ற பாடகர் அமைத்த ‘ஃபாடோ பைலாதோ’ என்ற மெட்டை முதலில் அவர் குரலிலேயே, அவர் பாடிய வரிகளோடு கேளுங்கள். மர்செனெய்ரோ என்றால் மரச்சாமான் செய்யும் தச்சர், தொழிலே பெயராகிவிட்டவர். பாடுவதைவிடப் பேசுவதற்கு நெருக்கமாக, அடியை உடைத்து உடைத்துச் சொல்வார். பிறகு அதே மெட்டில் அமாலியா தாமே எழுதிய ‘எஸ்த்ரான்யா ஃபோர்மா த விதா’, ‘விசித்திரமான வாழ்க்கை முறை’ என்ற பாட்டைக் கேளுங்கள். தம் இதயத்தைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று தெரியாமல் ஏன் ஓடுகிறாய், இனி உன்னோடு நான் வரமாட்டேன் என்று சொல்லும் பாட்டு அது. மெட்டின் எலும்புக்கூடு ஒன்றுதான். ஆனால் மர்செனெய்ரோ நிறுத்தும் இடத்தில் அமாலியா நீட்டுகிறார். அவர் நேராக இறங்கும் இடத்தில் இவர் சிறு சிறு வளைவுகளாகச் சுற்றி இறங்குகிறார். இந்த வளைவுகளுக்கு ஃபாடோக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே ‘சிறு சுற்றுகள்’ என்று பொருள்படும். காணொளி கிடைத்தால் அதையும் பாருங்கள்: தலை பின்னால் சாய்ந்து, கண் மூடி, தொண்டை முழுவதும் வெளிச்சத்தில் தெரிய நிற்கிறார், கை அசைவு மிகக் குறைவு.

இந்தப் பாட்டு இடம்பெற்ற 1962-ஆம் ஆண்டுத் தட்டு, அட்டையிலுள்ள மார்பளவுச் சிலையின் காரணமாக ‘பூஸ்தோ’ என்றே அழைக்கப்படுகிறது. அமாலியாவின் தட்டுகளில் ஒன்றை மட்டும்தான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கொடுப்பேன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்து போர்த்துகலில் வளர்ந்த அலன் உல்மான், பியானோவில் அமர்ந்து அமைத்த மெட்டுகள் இதில்தான் முதன்முதலாக வருகின்றன. பழைய மெட்டுகளைப் போல இரண்டு மூன்று சுரக்கட்டுகளுக்குள் நிற்காமல் அவை விரிவதால், கிதார் கலைஞர்களும் புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. இதே தட்டிலுள்ள ‘அபந்தோனோ’வைக் கேட்கும்போது, அன்றைய சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி அரசியல் கைதிகளைப் பெனிஷ் ஊரின் கடற்கரைக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தது என்பதை மனத்தில் வையுங்கள். கொண்டு செல்லப்பட்ட ஒருவனுக்குக் காற்றின் ஒலியும் கடலின் ஒலியுமாவது கேட்கும் என்று பாடும் இந்தப் பாட்டுக்கு மக்கள் ‘ஃபாடோ பெனிஷ்’ என்றே பெயரிட்டார்கள்; ஆட்சி அதைத் தடுத்தது. உல்மானையும் 1966-இல் அரசியல் காவல்துறை கைது செய்து, பின்னர் நாட்டைவிட்டு வெளியேற்றியது. அவர் பிரான்சில் இருந்தபடியே அமாலியாவுக்காகத் தொடர்ந்து இசையமைத்தார். 1965-இல் 16-ஆம் நூற்றாண்டின் பெருங்கவி கமோயிஷை அமாலியா ஃபாடோவில் பாடியபோது, சாலையோரப் பாட்டில் பெருங்கவியா என்று அறிஞர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கேள்விக்கு விடையாக 1970-இல் வெளியான ‘கோம் க வோஸ்’ என்ற தட்டை முழுதாகக் கேளுங்கள். அதன் தலைப்புப் பாடலே கமோயிஷின் வரிகள்தான்.

அந்தச் சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த 1974 ஏப்ரல் 25 புரட்சிக்குப் பிறகு, பழைய ஆட்சிக்கு வேண்டியவர் என்ற குற்றச்சாட்டு அமாலியாமீது விழுந்தது. அரசியல் கைதிகளின் குடும்பங்களுக்காக அவர் மறைவாகப் பணம் கொடுத்து வந்த செய்தி பிறகே வெளிவந்தது. ‘அபந்தோனோ’வைக் கேட்டவர்களுக்கு அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு நியாயமற்றது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக் கட்டத்துக்கு 1980-ஆம் ஆண்டுத் தட்டையும் 1983-ஆம் ஆண்டின் ‘லாக்ரிமா’வையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வரிகள் எல்லாம் அமாலியா எழுதியவை. இசையில் கிதார் கலைஞர் கார்லோஸ் கொன்சால்வ்ஸின் பங்கு பெரிது. ‘கண்ணீர்த்துளி’ என்று பொருள்படும் தலைப்புப் பாட்டை, நான் செத்தால் நீ ஒரு துளி கண்ணீர் விடுவாய் என்று தெரிந்தால் மகிழ்ச்சியோடு சாவேன் என்று முடிக்கிறார். அப்போது அவருக்கு வயது 63. முன்பு உயரத்தில் நின்று வளைந்த இடங்களில் இப்போது குரல் ஏறவில்லை. தாழ்ந்த இடத்திலேயே நின்று, சொல்லை மட்டும் அழுத்துகிறார்.

லிஸ்பனுக்குப் போக வாய்ப்பவர்கள், அவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1999 அக்டோபர் 6 அன்று இறந்த சாவ் பெந்தோ தெரு வீட்டைப் பார்க்கலாம். இப்போது அது அருங்காட்சியகம். நாடு மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. 2001-இல் அவருடைய உடல் தேசிய நினைவாலயத்துக்கு மாற்றப்பட்டது. அல்ஃபாமா பகுதியில் ஃபாடோ அருங்காட்சியகமும் அதைச் சுற்றிப் பல ஃபாடோ இல்லங்களும் இருக்கின்றன. அங்கே விளக்குகள் தணிந்து, ஃபாடோ பாடப்போகிறார்கள், அமைதி என்று ஒருவர் சொன்னதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள்.